கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் ஊர்கள்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவைச் சுங்கை காடுட்டில் நடத்த முடிவு செய்தவர்களுக்கு முதலில் நன்றி. சுற்றுலாவைப் பற்றிப் பேச்சு என்றால் கடற்கரை நகரமான போர்ட்டிக்சனில் ஒரு விடுதி மண்டபத்தைப் பிடிப்பதுதான் நம் நெகிரி செம்பிலான் மாநிலத்து வழக்கம். இந்தச் சுங்கை காடுட்டோ, சுற்றுலாப் பயணி என்று யாரும் பெட்டியோடு வந்து இறங்காத ஊர். ஒரு பக்கம் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் செம்பனை, நடுவில் குடியிருப்புத் தாமான்கள். இங்கே நின்று இதைப் பேசுவதுதான் சரி என்று நினைக்கிறேன். ஓர் இடத்துக்குப் போனவர் மனம் நிறைந்து திரும்புவதும் முகம் சுளித்துத் திரும்புவதும் எதனால் என்பதுதான் இன்றைய கேள்வி. அந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி கடலோரத்தில் இல்லை. கடலுக்குப் பின்னால் மக்கள் வாழ்கிற இம்மாதிரி ஊர்களில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

தமிழருக்கு இது புதிய கேள்வி இல்லை. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். அவற்றில் திருமுருகாற்றுப்படை முருகனிடம் வழிகாட்டுகிறது. மற்ற நான்கிலும் வள்ளலிடம் பரிசு பெற்ற கலைஞன் ஒருவன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு கலைஞனிடம், 'நானும் உன்னைப் போல இருந்தவன்தான், இந்த வழியாகப் போ' என்று சொல்கிறான். நிறைவடைந்தவன் அடுத்தவனை அனுப்புகிறான். இன்றைக்குச் சுற்றுலாத் துறை எவ்வளவு விளம்பரம் செய்தாலும், போய் வந்தவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு ஈடாகாது என்பதை அந்தப் புலவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதைவிட முக்கியமானது, அந்த வழிகாட்டி எதையெதைச் சொல்கிறான் என்பது. சிறுபாணாற்றுப்படையில் வள்ளல் நல்லியக்கோடனுடைய ஊருக்குப் போகிற வழியெல்லாம் சாப்பாடு. எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கிடைக்கும். வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோற்றோடு நண்டுக் கலவை கிடைக்கும். ஒவ்வொரு நிலத்திலும் அந்த நிலத்து மக்கள் தாங்கள் உண்பதையே வந்தவனுக்கும் தருகிறார்கள். மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் செங்கண்மாவுக்குப் போகும் மலைவழியின் ஆபத்துகளை அடுக்குகிறார்: பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு கிடக்கும் குழி, வழுக்கும் பாறை, புனம் காப்பவர் எறிகிற கவண்கல். உணவு, வழி, பாதுகாப்பு, வரவேற்பு என்று இன்றைய ஆய்வாளர்கள் கேள்வித்தாளில் கேட்கிற அனைத்தும் அங்கே இருக்கின்றன. வள்ளலின் அரண்மனைக்கு முன்னால், வழியில் இருக்கும் குடிசைகளைப் பற்றி அவர்கள் அவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

இனி இன்றைய ஆய்வுக்கு வருகிறேன். 1978இல் பிசாம், நியூமன், ரைக்கல் என்ற மூவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேப் காட் என்ற கடற்கரைப் பகுதிக்கு வந்தவர்களிடம் ஆய்வு செய்தார்கள். நம் போர்ட்டிக்சனைப் போலவே பக்கத்து நகரத்துக் குடும்பங்கள் விடுமுறைக்கு வருகிற இடம் அது. வந்தவர்களின் நிறைவு ஒற்றை உணர்ச்சி இல்லை, எட்டுக் கூறுகளால் ஆனது என்று அவர்கள் கண்டார்கள். கடற்கரை, செலவு, விருந்தோம்பல், உணவு, தங்குமிடம், கூடாரமடிக்கும் வசதி, சுற்றுச்சூழல், அந்த இடம் எவ்வளவு வணிகமயமாகிவிட்டது என்பது ஆகியவையே அந்த எட்டு. இவற்றில் ஒன்று கெட்டால் அந்தக் கசப்பு மற்றவற்றின் மீதும் பரவும் என்பதையும் அவர்கள் சுட்டினார்கள். 1980இல் ரிச்சர்ட் ஆலிவர், நிறைவு என்பது எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது என்று விளக்கினார். 1984இல் ஜப்பானியப் பேராசிரியர் நொரியாகி கானோ இன்னொரு பிரிவினையைச் சொன்னார். சில தரங்கள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் கோபப்படுவார்கள். வேறு சில, இல்லாவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், இருந்தால் வியந்து போவார்கள். கானோ பேசியது பொருள்களின் தரத்தைப் பற்றி. ஆனால் ஓர் ஊரைப் புரிந்துகொள்ள இதைவிட உதவுகிற கருத்தை நான் படித்ததில்லை.

இந்தக் கண்ணாடியோடு போர்ட்டிக்சனைப் பார்ப்போம்.

தஞ்சோங் கெமோக்கிலிருந்து தஞ்சோங் துவான் வரை சுமார் 18 கிலோமீட்டர் கடற்கரை. கோலாலம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். சிரம்பானிலிருந்து 32 கிலோமீட்டர். 1891இல் சுங்கை ஊஜோங் இரயில்வே நிறுவனம் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே பாதை போட்டது ஈயத்தையும் பின்னால் ரப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. அந்தப் பாதையில் இன்று இரயில் ஓடுவதில்லை. சாலைதான் எல்லாம். தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். லின்சம், அதர்ட்டன், சுவா பெத்தோங் போன்ற தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் விடுமுறை நாளில் லாரியிலும் வாடகைப் பேருந்திலும் பாயும் பானையுமாகப் போய், மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பியதை இங்கே இருக்கும் மூத்தவர்கள் அறிவார்கள். அந்தக் கடற்கரையின் முதல் வாடிக்கையாளர்களில் நம்மவர்களும் உண்டு. சுற்றுலா வரலாறு எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

பக்கத்தில் இருப்பது போர்ட்டிக்சனின் மிகப் பெரிய குணம். அதுவே அதன் மிகப் பெரிய சுமையும்கூட. காலையில் வந்து மாலையில் போகிறவர்கள் ஊரில் செலவழிப்பது குறைவு, விட்டுச் செல்லும் குப்பை அதிகம். கோவிட் தொற்றுக் காலத்தில் மாநில எல்லை கடந்து பயணம் செய்ய இருந்த தடை 2021 அக்டோபர் 11இல் நீங்கியது. நாட்டின் எல்லைகளோ 2022 ஏப்ரல் 1 வரை முழுமையாகத் திறக்கவில்லை. இடைப்பட்ட மாதங்களில் இந்த நாட்டு மக்கள் தங்கள் நாட்டுக்குள்ளேயே சுற்றினார்கள். உள்நாட்டுப் பயணி இரண்டாந்தரப் பயணி இல்லை என்பதை அந்தக் காலம் காட்டியது. ஆனாலும் நம் திட்டங்கள் இன்னும் வெளிநாட்டுப் பயணியின் எண்ணிக்கையைத்தான் முதலில் எண்ணுகின்றன.

போர்ட்டிக்சனுக்குப் போய் வந்த ஒரு குடும்பத்திடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கடல் நன்றாக இருந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பிறகு கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததைச் சொல்வார்கள். உப்புத் தண்ணீரில் குளித்த பிள்ளைகளை நல்ல தண்ணீரில் கழுவ இடமில்லாததைச் சொல்வார்கள். காரை நிறுத்த அலைந்தது, விலைப்பட்டியல் இல்லாத கடையில் மீனுக்குக் கொடுத்த பணம், மணலில் கிடந்த கண்ணாடித்துண்டு எல்லாம் வரும். கானோ சொன்ன முதல் வகைத் தரங்கள் இவை. இவற்றைச் சரிசெய்ததற்காக யாரும் அமைச்சருக்கு மாலை போட மாட்டார்கள். அதனால்தான் புதிய அலங்கார வளைவுக்கும் பெரிய எழுத்துப் பலகைக்கும் கிடைக்கிற நிதி, தண்ணீர்க் குழாய்க்குக் கிடைப்பதில்லை. இது தவறான வரிசை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு கடற்கரைக்கு வருகிறாள் என்றால், அவளுடைய நாள் நல்ல நாளாக முடியுமா என்பதைக் கழிப்பறை தீர்மானிக்கிறது. வளைவு தீர்மானிக்காது.

அடுத்தது தண்ணீரின் நிறம். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. இரு கரைகளிலிருந்தும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. இங்கே கடல் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளைப் போல நீலமாக இருக்காது. இது கடலின் குற்றம் இல்லை. ஆனால் விளம்பரப் படத்தில் கண்ணாடி போன்ற நீலக் கடலைக் காட்டிவிட்டு, வந்தவர் சாம்பல் பச்சையைப் பார்த்தால் ஆலிவர் சொன்ன இடைவெளி அந்த நொடியில் விழுந்துவிடுகிறது. போர்ட்டிக்சனின் உண்மையான சிறப்புகள் வேறு: அலை குறைந்த நீர், சிறு பிள்ளைகள் கால் நனைக்கும் ஆழம், கரை வரைக்கும் நிழல் தரும் மரங்கள், மேற்கே கடலுக்குள் இறங்கும் சூரியன். இவற்றைச் சொல்லி அழைத்தால் வந்தவர் ஏமாற மாட்டார்.

நிறம் வேறு, தூய்மை வேறு. தூய்மையில் சமாதானம் சொல்ல முடியாது. பிலிப்பீன்ஸில் போராக்கே தீவைக் கழிவுநீர் கடலில் கலந்ததற்காக அரசு 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் மூடியது. உலகப் புகழ் பெற்ற மணல் அங்கே இருந்தது. சாக்கடைக் குழாய் சரியாக இல்லை. தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடற்கரைக்கும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரைக்கும் 2021இல் நீலக்கொடி எனும் கடற்கரைத் தரச்சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்கான 33 அளவுகோல்களில் அழகு என்று ஒன்று கிடையாது. நீரின் தரம், கழிவு மேலாண்மை, உயிர்காப்பாளர், கழிப்பறை, மாற்றுத்திறனாளிக்கான வழி போன்றவைதான் இருக்கின்றன.

இங்கேதான் சுங்கை காடுட் உள்ளே வருகிறது. சிரம்பான் வட்டாரத்து நீரெல்லாம் லிங்கி ஆற்றில் சேர்ந்து, குவாலா லிங்கியில் கடலில் கலக்கிறது. சிரம்பானின் சந்தைக் கழிவு, தொழிற்பேட்டைகளின் கழிவுநீர், தோட்டத்து உரம், தாமான் கால்வாயில் நாம் போடும் நெகிழிப்பை எல்லாவற்றுக்கும் கடைசி நிறுத்தம் அதே நீரிணைதான். கடற்கரையின் தரம் கடற்கரையில் உருவாவதில்லை. போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகம் காலையில் எவ்வளவு கூட்டினாலும் மழை பெய்த மறுநாள் கரையில் ஒதுங்குவதைத் தடுக்க முடியாது. 2020 ஜனவரியிலிருந்து நமக்குச் சிரம்பான் மாநகர் மன்றம் இருக்கிறது. இரண்டு மன்றங்களும் ஒரே ஆற்றைப் பற்றிச் சேர்ந்து பேச வேண்டும். சுற்றுலாக் கூட்டங்களில் ஆற்றைப் பற்றிப் பேசுகிற அதிகாரியும் உட்கார வேண்டும்.

உள்நாடும் கரையும் எவ்வளவு ஒட்டிக் கிடக்கின்றன என்பதற்கு போர்ட்டிக்சன் மாவட்டமே ஒரு கொடிய சான்றைப் பார்த்திருக்கிறது. 1998இல் ஈப்போ அருகே தொடங்கிய நிப்பா நோய், அந்த மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளுக்கு வந்தது. நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள், 105 பேர் இறந்தார்கள். கிராமங்கள் காலியாயின. அந்தக் கிருமிக்கு இந்த மண்ணின் ஒரு கிராமத்துப் பெயரே நிலைத்துவிட்டது. இறந்தவர்களின் துயரத்துக்கு முன்னால் சுற்றுலாவின் இழப்பு சிறியது. ஆனால் உள்ளே வாழ்கிறவனின் பாதுகாப்பும் வெளியிலிருந்து வருகிறவனின் பாதுகாப்பும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

தஞ்சோங் துவானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. போர்ட்டிக்சன் கரையின் தென்கோடியில் இருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். போர்த்துகீசியர் காலத்தில் கலங்கரை விளக்கம் எழுந்த இடம் அது. அதைச் சுற்றிலும் காடு. ஆண்டுதோறும் மார்ச் வாக்கில் சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் ருப்பாட் தீவிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் கடலைத் தாண்டி இந்த முனைக்கு வந்து சேர்கின்றன. நீர்மேல் வெப்பக்காற்று எழாது என்பதால் சிறகடித்தே பறந்து களைத்து, தலைக்கு மேல் தாழ வரும். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இதை ஒரு விழாவாக நடத்துகிறது. பார்க்க வருகிறவர்கள் செங்குத்துப் பாதையில் வியர்க்க வியர்க்க ஏறி, வெயிலில் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறார்கள். முகம் மலர்ந்து இறங்குகிறார்கள். வசதி குறைவு, ஆனால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது, பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் இருக்கிறார். கானோவின் இரண்டாவது வகைத் தரம் இது. பணம் கொட்டி உண்டாக்கியதில்லை, வெட்டாமல் விட்டு வைத்த காடு தந்தது.

சுங்கை காடுட்டுக்கும் பக்கத்து ஊர்களான ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் அப்படி ஒன்று உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. எந்தக் கணக்கிலும் சேராத பயணிகள் ஆண்டுதோறும் இங்கே வருகிறார்கள். தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா என்றால் கிள்ளானிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் வரிசையாக வந்து செம்பனைக்குள் நுழைகின்றன. கங்காணி முறையில் வந்த முன்னோர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஆள் சேர்ப்பு 1938இல் நின்றது. அதற்குள் நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் ஒரு முழுச் சமூகம் வேர்விட்டிருந்தது. பின்னால் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. செண்டாயான் பக்கம் போய்ப் பாருங்கள், தோட்டம் இருந்த இடத்தில் ஒரு நகரமே நிற்கிறது. மக்கள் கலைந்து போனார்கள். கோயில் பல இடங்களில் நின்றது. அந்தக் கோயிலுக்காகத் திரும்பி வருகிறவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் பயணம் செய்கிறார்கள், ஓரிரவு தங்குகிறார்கள், சிரம்பானில் சாப்பிடுகிறார்கள், மறுநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போர்ட்டிக்சன் போகிறார்கள். வட்டாரச் சுற்றுலா என்பதன் முழு வடிவம் இதுதான்.

இவர்களுடைய நிறைவுக்கு அளவுகோல் வேறு. விடுதி அறையின் மெத்தை இவர்களுக்கு முக்கியம் இல்லை. குடும்பம் குடியிருந்த லயம் எங்கே இருந்தது என்று காட்ட முடிகிறதா? பொதுக்குழாய் இருந்த இடம் தெரிகிறதா? ஆயக்கொட்டகையில் தன்னைத் தூக்கி வைத்திருந்த ஆயாவின் பெயரைச் சொன்னால் தலையாட்ட ஒருவர் இருக்கிறாரா? அன்னதானப் பந்தியில் பழைய சுவை இருக்கிறதா? கோலாலம்பூரில் பிறந்த பிள்ளை, 'அப்பா, இங்கே என்ன இருக்கு?' என்று கேட்கும்போது தகப்பன் வெறும் செம்பனை வரிசையைக் காட்டி நிற்க நேர்ந்தால், அவர் அடுத்த ஆண்டு தனியாகத்தான் வருவார். அதற்கடுத்த ஆண்டு வர மாட்டார். அங்கே ஒரு பெயர்ப்பலகை இருந்தால், கோயில் மண்டபத்தில் நாலு பழைய படங்கள் மாட்டியிருந்தால், பால்மரம் ஒன்றிரண்டை விட்டு வைத்து எப்படிச் சீவுவது என்று காட்ட ஒரு மூத்தவர் நின்றால், அந்தப் பிள்ளை தானே திரும்பி வரும்; நண்பர்களையும் கூட்டி வரும். அந்த நண்பர்களில் மலாய்க்காரரும் சீனரும் இருப்பார்கள். இந்த நாடு எந்த உழைப்பில் எழுந்தது என்பதை அவர்களும் பார்க்கட்டும்.

வழியும் கையருகில் இருக்கிறது. பத்துமலையிலிருந்து பூலாவ் செபாங் வரை ஓடும் கொம்யூட்டர் இரயில் தடத்தில் செனவாங்குக்கும் ரெம்பாவுக்கும் நடுவே சுங்கை காடுட் நிலையம் இருக்கிறது. பத்துமலை முருகனைக் கும்பிட வருகிற கூட்டத்தில் ஒரு சிறு பங்கு இந்தப் பக்கம் திரும்பினாலே போதும். நிலையத்தில் இறங்கியவரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். திருவிழா நாளிலாவது ஒரு சிற்றுந்து ஓடினால் வயதானவர்கள் பிள்ளைகளின் காரை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டாம்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. தோட்ட வாழ்க்கையை இனிப்பாக்கிக் காட்டும் ஆசை வரும். குறைந்த கூலியையும் தண்டல் எடுத்த முறையையும் கள்ளுக்கடை அழித்த குடும்பங்களையும் மறைத்துவிட்டு, படம் எடுக்க ஒரு பொய் லயத்தைக் கட்டினால் திரும்பி வருகிறவர் முதலில் மனம் உடைவார். இங்கே இன்றும் வாழ்கிறவர்கள் காட்சிப்பொருள் ஆகிவிடக் கூடாது. அவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும், கடை வைக்க இடம் கிடைக்க வேண்டும், கோயில் நிலத்தின் உரிமை பத்திரமாக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் மகிழ்ச்சியில்லாமல் வந்தவரை மகிழ்விக்க முடியாது. முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

கோயில் நிர்வாகத்தினருக்கும் இளைஞர் மன்றத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவில் வாசலில் இரண்டு இளைஞர்களை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வையுங்கள். வருகிறவரிடம் எங்கிருந்து வருகிறார், எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், எது குறையாக இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மூன்று ஆண்டு அப்படி எழுதினால், மாநிலச் சுற்றுலாத் துறையிடம் இல்லாத ஒரு கணக்கு உங்கள் கையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரிடமும் மாநகர் மன்றத்திடமும் போங்கள், வெறுங்கையோடு அனுப்ப அவர்களால் முடியாது. அதற்கு முன், கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறையைத் திறந்து, குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து விடுங்கள்.